கேட்டுக்கு ஒரு சாண் முன்னால்

மார்ச் 9, ஞாயிறு.

இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். ரயிலை ஓட்டிக் காட்டும் முன், தண்டவாளத்தின் நடுவில் நின்ற பொம்மையை எடுக்க மறந்துபோனேன். அதன் கால் உடைந்துவிட்டது.

மற்றபடி வேலை சரியாகவே முடிந்தது. அப்படித்தான் நினைத்தேன்.

பின்னறையை அடைத்துக்கொண்டு கிடக்கும் பெரிய மேசையில் அப்பா பொம்மை ரயில் பாதை போடத் தொடங்கியது, நான் பள்ளியில் சேர்ந்த வருஷம். எஞ்சின் டிரைவர் வேலையை அவர் விட்டதும் அப்போதுதான். கண் பார்வை சரியில்லை என்று வீட்டில் சொன்னார்கள். அதற்குமேல் யாரும் பேசியதில்லை.

இத்தனை வருஷத்தில் அந்த மேசைமேல் ஸ்டேஷன் வந்தது, பாலம் வந்தது, லெவல் கிராசிங் கேட் வந்தது. கேட்டின் நடுவே குடை பிடித்தபடி ஒரு பெண் தண்டவாளத்தைக் கடக்கிறாள். விரல்நுனி உயரம்தான். அவள் சட்டைப் பொத்தான்களை அப்பா ஒற்றை மயிர்த் தூரிகையால் வரைந்தபோது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ரயில் அதுவரை போனதே இல்லை என்பதால் அவள் யாருக்கும் இடைஞ்சலாக இருந்ததில்லை.

அது ஒன்றுதான் குறை. ரயில் ஒரு சுற்றைக்கூட முடித்ததில்லை. கேட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிடும். அப்பா சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு எஞ்சினைக் கையால் தூக்கி ஷெட்டில் வைத்துவிட்டு விளக்கை அணைப்பார்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். பாதி சாப்பிட, பாதி கிண்டல் செய்ய.

“என்ன மச்சான், உங்க எக்ஸ்பிரஸ் இன்னும் கேட்டைத் தாண்டலயா? உள்ள உக்காந்திருக்கற பாசஞ்சருக்கெல்லாம் பேரன் பேத்தியே பொறந்திருக்கும்!”

அப்பா தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். அந்த முகத்தை இன்னொரு ஞாயிறு பார்க்க எனக்கு மனமில்லை. மாமாவின் கண்ணெதிரே ஒரே ஒரு முழுச் சுற்று. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மாலை வகுப்பில் இந்த மாதம் மின்பழுது பார்க்கும் பாடம். “ஊகிக்காத, அளந்து பாரு” என்பது எங்கள் வாத்தியார் ஓயாமல் சொல்வது. நேற்று அப்பா கடைக்குப் போயிருந்தபோது மீட்டரை வைத்து அளந்தேன். கேட்டுக்கு முன்னால் ஒரு துண்டுத் தண்டவாளத்துக்கு மட்டும் மின்சாரம் போகவில்லை. அதன் இரண்டு முனையிலும் மயிரிழை அளவுக்கு வெட்டு.

கண் சரியாகத் தெரியாமல் ரம்பம் தவறியிருக்கும் என்று தோன்றியது. சொன்னால் அவருக்கு அவமானம். சொல்லாமலே ஈயத்தை உருக்கி இரண்டு வெட்டையும் அடைத்தேன். முதல் இணைப்பு பிசகிவிட்டது. எனக்கு எப்போதும் முதல் இணைப்பு பிசகும். மறுபடி செய்தேன்.

இன்று சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் பின்னறைக்குக் கூப்பிட்டேன்.

“எலக்ட்ரீசியன் அம்மா என்னமோ வித்தை காட்டப்போறாங்க. எல்லாரும் தள்ளி நில்லுங்க, ஷாக் அடிக்கும்” என்றார் மாமா.

“சும்மா இருங்க மாமா. அப்பா, இன்னிக்கு நான் ஓட்டறேன்பா.”

“நீயா?” அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். “சரி. மெதுவா விடும்மா.”

சுவிட்சைத் திருகினேன். ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியது. பாலத்தைக் கடந்தது. வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. நிற்கவில்லை.

அப்பா எழுந்துவிட்டார். அவர் வலது கை முன்னால் நீண்டு, காற்றில் எதையோ பிடித்து இழுத்தது.

‘டிக்’கென்று ஒரு சின்னச் சத்தம். குடைக்காரி மேசையிலிருந்து கீழே விழுந்தாள்.

“நிக்கல” என்றார் அப்பா.

“நிக்கவே இல்ல மச்சான்!” மாமா கை தட்டினார். “உங்க பொண்ணு சாதிச்சிட்டா!”

ரயில் சுற்றை முடித்து ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது. அதை அப்பா பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து பொம்மையைத் தேடிக்கொண்டிருந்தார்.

“சாரிப்பா, எடுத்து வைக்க மறந்துட்டேன். வேற ஒண்ணு வாங்கிக்கலாம்.”

அவர் பொம்மையை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு வெளியே போனார். மாமா இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்.

நான் சமையலறைக்குப் போனேன். அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

“அப்பா ஏம்மா ஒரு மாதிரி போறாரு? தண்டவாளம் ரெண்டு இடத்துல வெட்டுப்பட்டிருந்தது. அதைத்தானே சேத்தேன்.”

“வெட்டுப்படல. அவரே வெட்டினது.”

“தெரியும்மா. கண்ணு சரியில்லாதவரு, ஏதோ கை தவறி...”

அம்மா குழாயை மூடினாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

“அவரு கண்ணுக்கு ஒண்ணுமில்லடி. அன்னிக்கு கேட்டுல குடையோட கடந்த பொண்ணை தூரத்துலயே பாத்தாரு. பிரேக்கும் போட்டாரு. வண்டிதான் நிக்கல.”

வாத்தியார் சொன்னபடி அளந்தேன். யாரையும் கேட்கத்தான் இல்லை.

நாளைய வேலை: இரண்டு வெட்டிலும் ஈயத்தை உருக்கி எடுக்க வேண்டும். குடைக்காரியின் காலை ஒட்டி, அதே இடத்தில் நிறுத்த வேண்டும். ரயில் நிற்கிறதா என்று அப்பாவை ஓட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.