அம்மா வீட்டுத் தண்ணீர்

"கிளம்புங்க, அம்மா வீட்டுக்குப் போய்த் தண்ணி எடுத்துட்டு வந்துடலாம்."

காலி கேன் இரண்டையும் நீட்டினாள் மனைவி. கணவன் நாற்காலியை விட்டு அசையவில்லை. மாமியார் வீடு இரண்டு தெரு தள்ளி. தினமும் சாயங்காலம் அங்கிருந்து குழாய்த் தண்ணீரைச் சுமந்து மூன்று மாடி ஏற வேண்டும். அதில் போட்டால்தான் டீ டீயாக இருக்குமாம். அவன் இடுப்பு இருக்கிற லட்சணத்துக்கு இது தேவையா?

"முதல்ல இதைப் பாரு!" லேப்டாப்பைத் திருப்பினான். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொடி எழுத்தைப் படிப்பதே அவன் பிழைப்பு. "குடிநீர் வாரியமே போட்டிருக்கு. தெருத் தெருவா தண்ணியைச் சோதிச்ச ரிசல்ட், போன வருஷத்தோடது. நம்ம தெருவுல கிருமி இல்லை, கலங்கல் இல்லை, குளோரின் அளவா இருக்கு. உங்கம்மா தெருவும் அச்சு அசல் அதேதான். ரெண்டுக்கும் ஒரே தொட்டிம்மா!"

சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், பதறிப்போய் லேப்டாப்பை மூடினாள்.

"எனக்குத் தெரியாதாக்கும்! அம்மாகிட்ட உளறி வெச்சிடாதீங்க. அப்பா போனப்புறம் சும்மா பார்க்கப் போனேன். 'நான் என்ன சீக்காளியா, தினம் வந்து எட்டிப் பார்க்க?'ன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி கேட்டாங்க. அப்பறம்தான் 'உன் வீட்டுத் தண்ணி மாதிரி வராதும்மா'ன்னு ஒரு பொய்யைச் சொன்னேன். இந்தச் சாக்கும் போச்சுன்னா நான் எப்படிப் போவேன்?"

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. மாமியார் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. பள்ளிக்கூடத்தை விட்டாலும் அதட்டலை விடாதவர். பெற்ற பெண்ணை 'வா' என்று கூப்பிட்டால் கிரீடம் இறங்கிவிடுமா என்ன? அவனுக்கு மனைவி மேல் பாசம் பொங்கியது. இடுப்பாவது ஒன்றாவது, கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

காலி கேன்களுக்கு மாற்றாக, மாமியார் வழக்கம்போல் வேறு இரண்டு கேன்களை நிரப்பித் தயாராக வைத்திருந்தார். "லேட்டு!" என்றார். ஆனால் பெண்ணைப் பக்கத்தில் உட்கார்த்தி ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் அனுப்பினார்.

வீடு திரும்பியதும், அவள் டீ போடுகிற நேரத்தில், அவன் சும்மா இருக்காமல் இந்த மாத அறிக்கையையும் திறந்தான். மாமியார் தெருவுக்கு நேரே எண்களே இல்லை. அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு மட்டும் இருந்தது: 'குழாய் மாற்றும் பணி. சென்ற மாதம் முதல் விநியோகம் நிறுத்தம். லாரி மூலம் தண்ணீர் வழங்கப்படுகிறது.'

அந்தக் குறிப்பை இரண்டு முறை படித்தான். தெருமுனையில் இருந்த பள்ளம் கேபிளுக்கு என்றல்லவா நினைத்திருந்தார்கள்! குழாயே ஓடாத வீட்டிலிருந்து ஒரு மாதமாக எந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து குடிக்கிறோம்? லாரித் தண்ணீரா? இல்லை, ஏதாவது பாழுங்கிணறா?

"என்னதான் சொல்லுங்க, அம்மா வீட்டுத் தண்ணி டீயோட மணமே தனி," என்று ரசித்துக் குடித்தாள் மனைவி. அவன் தன் டம்ளரை மெல்லத் தள்ளி வைத்தான்.

மறுநாள் காலை, மாமியாரையே கேட்டுவிடுவது என்று முடிவுகட்டி, மனைவி எழுவதற்கு முன்பே படியிறங்கினான். கீழே போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

அவர்கள் குடியிருப்பின் பொதுக் குழாயடியில், சக்கரம் வைத்த பையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, குனிந்து கேனை நிரப்பிக்கொண்டிருந்தார் மாமியார்.

"அத்தை! நீங்களா?"

"கத்தாதீங்க மாப்பிள்ளை!" அதட்டியவரின் குரல் அடுத்த நொடியே இறங்கியது. "லாரித் தண்ணியைப் பிள்ளைக்குக் குடுக்க எனக்கு மனசு வரலை. அவகிட்ட மூச்சு விட்டுடாதீங்க. எங்க தெருவுல தண்ணி நின்னுபோச்சுன்னு தெரிஞ்சா, எம்பொண்ணு என்னைத் தேடி எதுக்கு வரப்போறா?"