ரேடியோவில் போன திட்டு

"மருமகளுக்கு ஒரு தகவல் சொல்லணும். எழுதிக்குங்க தம்பி," என்றபடி ரேடியோக்காரர் எதிரே வந்து உட்கார்ந்தாள் அந்த அம்மாள்.

வெள்ளத்தில் செல்போன் கோபுரங்கள் எல்லாம் படுத்துவிட்டன. முகாமாக மாறிய பள்ளிக்கூடத்தில் வெளியுலகத்தோடு பேச இருந்தது ஹாம் ரேடியோ ஒன்றுதான். இங்கே இவர் வாசிப்பார். பக்கத்து நகரத்தில் இன்னொரு ரேடியோக்காரர் அதை எழுதிக்கொண்டு போய் உரியவரிடம் படித்துக் காட்டுவார்.

"மருமக எங்கே இருக்காங்கம்மா?"

"பெரிய ஆஸ்பத்திரியில. பிரசவத்துக்குச் சேர்த்திருக்கு. நான் இருக்கேனா போயிட்டேனான்னு தெரியாம தவிச்சுக்கிட்டு இருப்பா."

"சரி, சொல்லுங்க."

"துவைக்கிற மெஷினுக்குள்ள ஈரத்துணியைப் போட்டுட்டு அப்படியே கிளம்பிப் போயிருக்கா. நாத்தம் குடலைப் பிடுங்குது. வெள்ளமே வீட்டுக்குள்ள வந்து அலசியும் போகலை. பொறுப்பு கிலோ என்ன விலைன்னு கேக்கிறவளை என் தலையில கட்டிட்டான் என் மகன். அவ்வளவுதான், அனுப்புங்க."

வரிசையில் நின்றவர்கள் முகம் சுளித்தார்கள்.

"பிள்ளைத்தாச்சிப் பொண்ணுகிட்ட பேசுற பேச்சா இது?" என்று ஒருவர் வாய்விட்டே கேட்டார்.

அம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டாள்.

ரேடியோக்காரருக்கு மனசு கேட்கவில்லை. சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் விதி. இத்தனை வருஷம் கட்டிக் காத்ததை அன்றைக்கு மீறினார். "அத்தை நலமாக இருக்கிறேன். கவலைப்படாதே கண்ணு. உடம்பைப் பார்த்துக்கொள்" என்று தேன் தடவி அனுப்பிவிட்டு, புண்ணியம் தேடிக்கொண்ட திருப்தியில் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ரேடியோ கரகரத்தது.

"என்னய்யா அனுப்பினீங்க? அந்தப் பொண்ணு ஓன்னு அழுவுது. 'எங்க அத்தை இப்படிப் பேசவே மாட்டாங்க. அவங்க போயிட்டாங்க, என்கிட்ட மறைக்கிறீங்க'ங்குது. பிரஷர் எகிறுதுன்னு டாக்டர் என்னைப் பிடிச்சுக் கத்துறார். ஓவர்."

ரேடியோக்காரர் அவசரமாக மைக்கை எடுத்தார். அம்மாள் சொன்னதை, ஈரத்துணி நாற்றம் உள்பட, அப்படியே வாசித்தார்.

மறுபடியும் கரகரப்பு. இந்தத் தடவை மறுமுனையில் சிரிப்பு.

"எழுந்து உட்கார்ந்துடுச்சுய்யா! 'இதுதான் எங்க அத்தை, இதுதான் எங்க அத்தை'ன்னு வார்டு முழுக்கச் சொல்லிச் சிரிக்குது. கேட்டு வாங்கிச் சாப்பிடுது. ஓவர்."

அம்மாளைத் தேடிப் போனார் ரேடியோக்காரர்.

"மன்னிச்சுடுங்கம்மா. உங்க திட்டை மாத்தி, நல்லா இருக்கேன்னு நீங்க சொன்னதா முதல்ல அனுப்பிட்டேன். அந்தப் பொண்ணு பயந்துடுச்சு. அப்புறம் நீங்க சொன்னபடியே சொன்னேன். இப்ப சந்தோஷமா இருக்கு."

அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட போங்க தம்பி! நல்லா இருக்கேன்னு எனக்காக யார் வேணும்னாலும் சொல்லிடலாம். இப்படித் திட்ட, என்னை விட்டா அவளுக்கு யாரு இருக்கா?"