கயிற்றுப் பாலத்தின் முன்

நீலத்தீவு என்ற வீடியோ விளையாட்டின் மூன்றாம் பாகத்தால் எனக்கும் அண்ணன் செல்வினுக்கும் தீராத சண்டை. முதல் இரண்டு பாகங்களிலும் நாயகனோடு வந்த படகோட்டி மூன்றாவதில் தொடக்கத்திலேயே செத்துப்போவான். அன்றோடு நான் ஆடுவதை நிறுத்திவிட்டேன்.

“ஏட்டி, முழுசா ஆடிட்டு அப்புறம் திட்டு. கடைசில எப்படி முடியுது தெரியுமா?” என்பான் அண்ணன்.

“எப்படி?”

“சொல்லமாட்டேன். ஆடிப் பாரு, மூதேவி.”

அண்ணன் இறந்து ஆறு வருடம் கழித்து நாங்கள் ஆடிய பழைய கேம் பெட்டியை டிவியில் மாட்டினேன். மூன்றாம் பாகத்தில் அவன் சேமித்துவைத்த ஆட்டம் ஒன்று இருந்தது. திறந்தேன். நாயகன் கயிற்றுப் பாலத்தின் முன்னால் நின்றான். தோளில் படகோட்டியின் துடுப்பு. முன்னே நடத்தினேன். ‘பாலம் தாங்காது. துடுப்பை இங்கேயே விட்டுவிடலாமா?’ என்று திரை கேட்டது.

வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். அவன் போய்வந்த மற்ற எல்லா இடமும் வெளிச்சமாக இருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் மட்டும் இருட்டு. அண்ணன் அதைத் தாண்டவே இல்லை. முடிவு தெரியும் என்றது பொய்.

‘வேண்டாம்’ என்பதை அழுத்தினேன். நாயகன் ஓரடி பின்னால் வந்து நின்றான். மீண்டும் முன்னே நடத்தினேன். மீண்டும் கேட்டது.