ஆர்லோ ஒதுக்கிய தட்டு

ஒரு வாய் தின்றதும் பக்கத்துப் பண்ணை ஆர்லோ தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"கறியில பழத்தைப் போட்டு வேக வச்சிருக்கான். கன்னுக்குட்டியோட மல்லுக்கட்டிட்டு வந்தவன் திங்கிற சாப்பாடா இது?"

எல்லார் காதிலும் விழும்படிதான் சொன்னார். எதிரே ஜெனீவும் உட்கார்ந்திருந்தாள். பரிமாறிக்கொண்டிருந்த வெர்னா கரண்டியைச் சட்டியில் நங்கென்று போட்டாள். இந்த மனுஷன் வாயில் இன்றைக்குத்தானா சனி உட்கார வேண்டும்?

வெர்னாவின் புருஷன் டுவைட், குதிரையிலிருந்து விழுந்து இடுப்பு போனவன். மாட்டு வேலை இனி ஆகாது என்றானபின், நாற்பதைத் தாண்டிய வயதில் சமையல் கல்லூரிக்குப் போய், மகன் வயதுப் பிள்ளைகளோடு நின்று வெங்காயம் நறுக்கிப் படித்தான்.

படித்து என்ன? அமெரிக்காவின் வயோமிங்கில் அவர்கள் பக்கம் ஆளைவிட மாடு அதிகம். படித்த சமையல்காரனுக்குச் சம்பளம் கொடுக்க முடிந்த இடம் ஒன்றே ஒன்று. நகரத்து ஜனங்கள் கோடையில் வந்து தங்கிக் குதிரையேறும் ஜெனீவின் பண்ணை. அது கிடைக்காவிட்டால் நிலத்தை விற்றுவிட்டு டென்வர் நகரத்து ஓட்டலுக்குப் போக வேண்டியதுதான்.

டுவைட் வேலை கேட்டபோது, உங்கள் வீட்டுக் கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போடும் நாளில் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருந்தாள் ஜெனீவ்.

அந்த நாளில் ஆர்லோவைக் கூப்பிடாமலும் இருக்க முடியாது. என்ன பகை இருந்தாலும் அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் கைகொடுக்க வந்தாக வேண்டும். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் ஆர்லோவும் ஜெனீவும் முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்காகிறது. அவர்களே அன்று காலையில் ஒரு கன்றை ஆளுக்கொரு பக்கம் அமுக்கிப் பிடித்தார்கள், வாயைத் திறக்காமல்.

பல்லைக் கடித்துக்கொண்டு, வேறு தட்டில் நல்ல துண்டாகப் போட்டு வந்து வைத்தாள் வெர்னா. அதையும் ஆர்லோ தொடவில்லை. டப்பா பீன்ஸ் இருந்தால் சூடு பண்ணிக் கொடு என்றார். நாலு பேர் சிரித்தார்கள். டுவைட் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜனம் கலையும் நேரத்தில் ஜெனீவ் டுவைட்டிடம் போனாள். நாக்கு செத்த ஆட்களுக்குச் சமைத்தது போதும், திங்கட்கிழமையே வந்துவிடு என்று ஆர்லோ காதுபடச் சொல்லிவிட்டு வண்டியேறினாள்.

வெர்னா நேராக ஆர்லோவிடம் போனாள்.

"நீங்க கெடுக்கப் பார்த்தும் வேலை கிடைச்சிடுச்சு. அந்த மனுஷன் உங்களுக்கு என்னதான் பாவம் பண்ணினார்?"

ஜெனீவின் வண்டி கிளப்பிய புழுதி அடங்கிவிட்டதா என்று ஆர்லோ எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"நான் மட்டும் நல்லாருக்குன்னு சொல்லியிருந்தா, உன் புருஷனுக்கு உப்புப் போடவே தெரியலன்னுட்டுப் போயிருப்பா அவ. அது கிடக்கட்டும். அந்தக் கறி மிச்சம் இருந்தா கொண்டா தாயி, பசி கண்ணைக் கட்டுது."