திமிங்கிலப் பல்லை வாங்கியவள்

ராம்ரதி கையை நீட்டவில்லை.

எதிரே பாயில் மண்டியிட்டிருந்த மலைக்காரர் திமிங்கிலப் பல்லை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு காத்திருந்தார். அவருக்குப் பின்னால் மலைக் கிராமத் தலைவரும் ஊர்ப் பெரியவர்களும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பல்லை வாங்கினால் மன்னித்ததாக அர்த்தம். அப்புறம் அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. போலீஸ் கேஸையும் வாபஸ் வாங்கிவிட வேண்டும். ஃபிஜியில் சின்னவன் பெரியவன் எல்லோரும் கட்டுப்படுகிற வழக்கம் அது.

"வாங்கிக்கோங்க அண்ணி," என்று காதருகே கிசுகிசுத்தான் ஜக்ரூப். செத்துப்போன புருஷனின் தம்பி. "தலைவரே இறங்கி வந்திருக்காரு. இதுக்கு மேல என்ன மரியாதை வேணும் உங்களுக்கு?"

மரியாதையாம், மண்ணாங்கட்டி!

தலைநகர் சுவாவில், இந்திய வம்சத்துப் பிரதமர் கூடாதென்று துப்பாக்கிக்காரர்கள் பாராளுமன்றத்துக்குள் புகுந்த வாரம், இதே மலையிலிருந்துதான் பூர்வகுடிக் கூட்டம் இறங்கியது. பட்டப்பகலில். ராம்ரதி கரும்புக்குள் குப்புறப் படுத்துக் கிடந்து எல்லாவற்றையும் பார்த்தாள்.

மெத்தை போயிற்று. ரேடியோ போயிற்று. அவள் கொல்லையிலேயே அவள் ஆட்டை அறுத்து, அவள் அண்டாவிலேயே வேகவைத்துத் தின்றார்கள். தீபாவளிக்கு அவள் கையால் பலகாரம் வாங்கித் தின்ற பையன்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

"கூலிக்கு வந்தவங்களா, உங்க ஊருக்கே ஓடுங்க!" என்று கத்தினார்கள்.

எந்த ஊருக்கு? கப்பலில் வந்து இறங்கி இந்த மண்ணில் கரும்பு வெட்டியே செத்த தாத்தாவின் சாம்பல் இந்த ஆற்றில்தானே கரைந்தது? அவளுக்கு வேறு எந்த ஊர் தெரியும்?

அதையெல்லாம்கூட விழுங்கிவிடுவாள். மாடுகளை விழுங்க முடியவில்லை.

லால், பூரா என்று இரண்டு உழவு மாடுகள். புருஷன் கன்றிலிருந்து பிள்ளை மாதிரி வளர்த்தது. அவன் போன பிறகு அந்த ஜோடியை வைத்து அவளே ஏர் பிடித்தாள். பொம்பளை உழுகிறாள் என்று சிரித்தவன் வாயெல்லாம் அடைத்துப்போயிற்று. அன்றைக்கு அவற்றை ஓட்டிக்கொண்டு மலையேறினார்கள். அதோடு சரி. தின்றார்களா, தொலைத்தார்களா, யாரைக் கேட்டாலும் வாய் திறக்கவில்லை. நிலம் தரிசாகக் கிடந்தது. அதற்காகத்தான் கேஸ்.

ஜக்ரூப்தான் சமாதானத்துக்கு ஓடி ஓடி உழைத்தான். கடையைப் பூட்டிவிட்டுத் தன் லாரியிலேயே மலைக்கும் கீழுக்கும் அலைந்தான். இன்றைய சடங்கில் எல்லோரும் குடிக்க யங்கோனா வேரை இடித்துக் கரைத்து வைத்ததும் அவன்தான். அண்ணிக்காக இப்படி உயிரை விடுகிற கொழுந்தன் யாருக்குக் கிடைப்பான் என்று குடியிருப்பே மெச்சியது.

"அண்ணி, அவருக்கு முட்டி வலிக்கும்."

ராம்ரதி பல்லை வாங்கிக்கொண்டாள்.

மலைக்காரர்கள் கையைக் குவித்துத் தட்டினார்கள். ஜக்ரூப், "ராம் ராம்" என்று பெருமூச்சு விட்டு, கொட்டாங்குச்சியில் யங்கோனாவை மொள்ளக் குனிந்தான்.

அவள் எழுந்திருக்கவில்லை. முட்டியாலேயே நகர்ந்து தலைவரின் முன்னால் போய், அதே பல்லை இரண்டு கையாலும் நீட்டினாள்.

தட்டிய கைகள் நின்றுபோயின. பொம்பளை பல் நீட்டி அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் பல் இப்போது அவளுடையது. யார் நீட்டினாலும், அதை வாங்கிக்கொண்டால் நீட்டியவர் கேட்டதைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். அதுவும் அவர்கள் வழக்கம்தான்.

"உங்களை மன்னிச்சாச்சு. அதுல பேச்சு மாற மாட்டேன். என் லாலும் பூராவும் என்ன ஆச்சு? அதை மட்டும் சொல்லுங்க."

"அண்ணி! பைத்தியம் பிடிச்சிருக்கா உங்களுக்கு?" ஜக்ரூப் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். "எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்காதீங்க. எந்திரிங்க!"

அவள் தோளை உதறினாள். "கையை எடு."

தலைவர் அவளையே பார்த்தார். வாங்காமல் எழுந்து போயிருந்தால் அவரை யார் என்ன செய்திருக்க முடியும்? அவர் வாங்கிக்கொண்டார்.

"நாங்க வெட்டலை மகளே," என்றார். "உழவு மாடு. மனசு வரலை. கலாட்டா அடங்கினதும் ஓட்டிக்கிட்டு வந்து விடலாம்னுதான் கட்டி வச்சிருந்தோம். அதுக்குள்ள லாரி வந்துச்சு. அண்ணி அனுப்பிச்சாங்கன்னு சொன்னாரு. நாங்களே ஏத்தி விட்டோம். கறிக்கடைக்குப் போச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. குடும்ப விஷயம்னு பேசாம இருந்துட்டோம்."

அந்தக் குடியிருப்பில் லாரி வைத்திருப்பவன் ஒருவன்தான்.

ராம்ரதி திரும்பிப் பார்த்தாள். மலைக்காரர்களைத் திட்டுவதற்கென்று இத்தனை மாதமாக எத்தனையோ வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள். அதில் ஒன்றுகூட இவனுக்குப் போதவில்லை.

"எப்படியும் அவனுங்க தின்னிருப்பானுங்க அண்ணி," என்றான் ஜக்ரூப். கொட்டாங்குச்சி கையிலேயே இருந்தது. "வீணாப் போறதை... அந்தக் காசு நம்ம வீட்டுக்குள்ள இருக்கட்டுமேன்னுதான்..."

அவள் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தலைவரிடம் கேட்டாள்.

"உங்க வண்டியில எனக்கு ஒரு இடம் இருக்குமா?"

"எங்க போகணும் மகளே?"

"போலீஸ் ஸ்டேஷனுக்கு."

"கேஸை வாபஸ் வாங்கத்தானே அண்ணி?" என்று எழுந்து பின்னாலேயே ஓடிவந்தான் ஜக்ரூப். "வாபஸ் வாங்கத்தானே?"

அவளை ஏற்றிவிட மலைக்காரர்கள் கை கொடுத்தார்கள்.