மூன்றாவது ஸ்பீக்கர்

கறுப்புத் திரைக்குப் பின்னால் மூன்று ஸ்பீக்கர்கள் இருப்பதாகச் சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் அழுகை, ஒரே அளவு சத்தத்தில், ஒன்றன்பின் ஒன்றாக மூன்றிலிருந்தும் வந்தது. அருமைநாயகம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஸ்பீக்கர்களைக் கேட்டு மதிப்பெண் போடுவது அவர் வேலை; இருபது வருடமாக அவருக்குச் சோறு போடுவது அவர் காதுதான். முதலாவதுக்கு ஒன்பது போட்டார். இரண்டாவதுக்கு எட்டு. மூன்றாவது பிசிறடித்தது, பாதியில் நின்றுபோய் மறுபடி தொடங்கியது. ‘நம்பும்படியாக இல்லை’ என்று எழுதி, பத்துக்கு இரண்டு போட்டுக் கையெழுத்திட்டார். மதிப்பெண்ணில் கடைசியாக வரும் ஸ்பீக்கரை அன்றைக்கே உடைத்துப்போடுவது அங்கே வழக்கம்.

உதவியாளர் புனிதா தாளை வாங்கிக்கொண்டு திரையை விலக்கினாள். ஸ்பீக்கர்கள் இரண்டுதான் இருந்தன. மூன்றாவதன் இடத்தில் ஒரு நாற்காலியில், மடியில் ஒரு சின்னச் சட்டையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

“அந்தத் தாளைக் குடும்மா, மாத்திடறேன்” என்றார்.

“பார்த்தப்புறம் மாத்தினா அது நேர்மையில்லன்னு விதி போட்டதே நீங்கதானே சார்?” என்று புனிதா தாளை மடித்துக்கொண்டாள். வாசலில் சுத்தியலோடு ஒருவன் வந்து நின்றான்.

நாற்காலியிலிருந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஐயா, இன்னொரு வாட்டி அழுது காட்டட்டுங்களா?”