மேற்குச் சுவரின் ஓதம்

மேற்குச் சுவர் காய்ந்துவிட்டது.

மேஸ்திரி கையை வைத்துப் பார்த்தார். கன்னத்தையும் வைத்துப் பார்த்தார். பொட்டு ஈரம் இல்லை. நாளைக்கே பெயிண்ட் அடித்துவிடலாம் என்றார்.

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு வருடமாக அவன் பிராணனை வாங்கிய சுவர் அது.

பழைய வீடுகளை வாங்கிப் புதுப்பித்து விற்பது அவன் தொழில். எதில் போட்டால் திரும்பி வரும் என்பது அவனுக்கு அத்துப்படி. சமையலறையில் போட்டது வரும். குளியலறையில் போட்டது வட்டியோடு வரும். தோட்டத்தில் போட்டது மண்ணோடு மண். திரும்பி வராத இடத்துக்கு அவன் காசும் போகாது, அவனும் போகமாட்டான்.

அப்பா தனியாக இருந்த இந்த வீட்டுப் பக்கமும் அப்படித்தான் எட்டிப் பார்க்காமல் இருந்தான், இந்தத் தெருவில் விலை ஏறும்வரை. ஏறியதும் வேலையைத் தொடங்கினான்.

அப்போதுதான் அப்பாவின் அறையில், இந்த மேற்குச் சுவரில், ஓதம் கிளம்பியது. ஓதம் ஏறிய வீட்டை எவன் நல்ல விலைக்குக் கேட்பான்?

சுவர் மறுபடி நனைந்திருக்கிறது, வந்து பார் என்று அப்பா போன் செய்வார். அவன் போட்டது போட்டபடி ஓடி வருவான். குழாயை மாற்றினான், பூச்சை உரித்தான், மருந்து அடித்தான். பூச்சு இறுகும்வரை அப்பா எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டாயா என்பதில் தொடங்கி ஊர்க்கதை எல்லாம் பேசுவார். அவன் ‘ம்’ கொட்டிக்கொண்டே சுவரைப் பார்ப்பான்.

பத்து நாள் தாங்கும். மறுபடி போன்.

போன மாதம் அப்பாவை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டான். ஆளில்லாத வீட்டில் வேலை சீக்கிரம் முடியும் என்று கணக்கு.

கைபேசி அடித்தது. அப்பாதான். இல்லத்திலும் அவர் கட்டிலை ஒட்டிய சுவர் நனைந்திருக்கிறதாம். வந்து பார்க்க வேண்டுமாம்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அது நம்ம சுவர் இல்லப்பா. அங்க ஆபீஸ்ல சொல்லுங்க.”

வைத்துவிட்டான்.

மேஸ்திரி அப்பாவின் கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்தார். அடியில், மூலையோடு மூலையாக, குளியலறை மக் ஒன்று கிடந்தது.

சுவரில் நீர் வழிந்த கறை கோடுகோடாகத் தெரிந்தது. கட்டிலில் உட்கார்ந்த ஆளுக்குக் கை எட்டும் உயரத்தில் தொடங்கித் தரைவரை இறங்கியிருந்தது. ஓதம் கீழிருந்து மேலே ஏறும். இது மேலிருந்து இறங்கியது. உடைந்த குழாயையே தேடிக்கொண்டிருந்தவன் அதைப் பார்க்கவே இல்லை.

அவன் கைபேசியை எடுத்தான். திரும்ப அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவழியாக எடுத்தார்.

“அப்பா, எந்தப் பக்கம் நனைஞ்சிருக்கு? நான் இப்பவே வரேன்.”



“காஞ்சிடுச்சுப்பா. நீ வேலையைப் பாரு.”